ஜிவிடபிள்யூஆர், ஜிசிடபிள்யூஆர்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

ரொறன்ரோவிலிருந்து:
வணக்கம். மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு வரும் வீட்டுவண்டி) வாடகைக்கு எடுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பாதுகாப்புக் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். இரண்டு சொல்லில் நிற்கிறேன். ஜிவிடபிள்யூஆர் என்பது வண்டி, ஆட்கள், எரிபொருள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்ந்து தாண்டக்கூடாத எடை. ஜிசிடபிள்யூஆர் அதோடு பின்னால் இழுக்கும் காரையோ டிரெய்லரையோ சேர்த்தது. ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டத்தில் முன்னது 14,500 பவுண்டு, பின்னது 22,000. இப்போதைக்கு 'மொத்த நிறை வரம்பு', 'கூட்டு நிறை வரம்பு' என்று போட்டிருக்கிறேன்.

மதுரையிலிருந்து:
'நிறை' வேண்டாம் ஐயா. முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் சொல்கிறேன். எங்கள் பாடநூலில் நிறை கிலோகிராமில் வருவது; புவியீர்ப்பால் வரும் விசைதான் எடை.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் புத்தகத்தில் நீங்கள் நிறை என்பது திணிவு. நீங்கள் எடை என்பதுதான் நிறை. இரண்டு விதமாகப் படித்தவர்களும் ரொறன்ரோவில் ஒரே வண்டியில் ஏறுவார்கள். சந்தையில் இரண்டு பக்கமும் புரிவது எடைதான். அதையே போடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
நமக்குப் பழஞ்சொல்லே இருக்கிறது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்கிறார் வள்ளுவர். 'சால மிகுத்துப் பெயின்' என்று முடிக்கிறார். ஔவை புறநானூற்றில் 'சகடம் பண்டம் பெரிது பெய்தன்றே' என்கிறார். இரண்டு இடத்திலும் வண்டியில் ஏற்றுவது 'பெய்தல்'. அதனால் பெய்யெல்லை, கூட்டுப்பெய்யெல்லை. அதே புறப்பாட்டில் உப்பு வணிகரான உமணர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சும் (உபரி அச்சு) வருகிறது. உபரிச் சக்கரத்துக்குச் 'சேமச் சக்கரம்' என்று எழுதினால் எவ்வளவு அழகு!

மதுரையிலிருந்து:
அழகுதான். ஆனால் பெய்யெல்லை என்று படிப்பவர் மழை அளவு என்று நினைத்துவிடுவார். குறளிலிருந்து எடுக்க வேண்டியது அச்சை. மொத்த எடை சரியாக இருந்தும் பின்னச்சில் மட்டும் அளவு மீறலாம். ஒவ்வோர் அச்சுக்கும் தனி வரம்பு உண்டு. அதற்கு 'அச்சு வரம்பு' போதும்.

ஈரோட்டிலிருந்து:
டிரெய்லரின் முன்முனை கொக்கியின் மேல் அழுத்தும் எடைக்கு என்ன போட்டீர்கள்? எங்கள் அப்பா பாரவண்டி ஓட்டியவர். மூட்டை அடுக்கும்போது நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். பின்பாரம் ஏறினால் நுகம் மேலே எழும்பி, கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் கூடினால் பிடரி புண்ணாகும். டிரெய்லருக்கும் அதேதான். அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னால் இறங்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் வாலாட்டும். 'முன்பாரம்' என்றே எழுதுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து:
முன்பாரம், அச்சு வரம்பு இரண்டையும் எடுத்துக்கொண்டேன் அண்ணா, நன்றி. எடைக்கும் மாறிவிட்டேன். ஜிசிடபிள்யூஆருக்கு 'தொடர்வண்டி உச்ச எடை' சரியா? வெறும் 'இழுவை வரம்பு' ஆகாது. 22,000இல் ஏற்றி முடித்த வண்டியின் எடையைக் கழித்து வருவது ஒன்று, கொக்கியின் வரம்பு இன்னொன்று. எது குறைவோ அவ்வளவுதான் இழுக்கலாம். 7,500 மிஞ்சினாலும் கொக்கி 5,000 என்றால் 5,000தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
தொடர்வண்டி என்றால் ரயில் அல்லவா? 'இழுப்பதையும் சேர்த்த உச்ச எடை' என்று நேராகச் சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. நான்கு சொல்லை வைத்துக்கொண்டு அட்டவணைத் தலைப்பு எழுத முடியுமா?

ரொறன்ரோவிலிருந்து:
தலைப்பில் இரண்டு வரியாக மடித்துவிட்டேன் ஐயா. 'வண்டியின் உச்ச எடை', 'இழுப்பதையும் சேர்த்த உச்ச எடை'. 40 கேலன் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல் ஏறும் என்ற குறிப்புக்குக் கீழே அந்தக் குறளையும் போட்டிருக்கிறேன். நாளை காலை அனுப்புகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:
குறளுக்கு மகிழ்ச்சி. கூட்டுப்பெய்யெல்லையை நான் விடவில்லை. அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது இடம் கொடுங்கள்.