பென் டிரைவுக்கு என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

காரைக்குடி, செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம். எட்டாம் வகுப்புக் கணினிக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. கோப்புகளைக் கொண்டுபோக எதை வாங்குவது என்று ஒரு பக்கம் எழுதினேன். பதினோரு இடத்தில் பென் டிரைவ் வருகிறது. தமிழில் ஒரு சொல் கொடுங்கள்.

பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். செருகும் முனைக்குள் நீல நாக்கு தெரிந்தால் பெரும்பாலும் யூஎஸ்பி 3.0, நொடிக்கு 5 ஜிகாபிட் வரை. பழைய 2.0-க்கு உச்சமே 480 மெகாபிட். அடுத்தது நானே பட்டது. கானாடுகாத்தான் கல்யாண வீடியோ 6 ஜிபி. கையில் 32 ஜிபி, உள்ளே ஒன்றுமே இல்லை. இருந்தும் 'கோப்பு மிகப் பெரிது' என்று ஒரே அடம். கோப்புகளை உள்ளே அடுக்கும் ஃபேட்32 முறையில் ஒற்றைக் கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாதாம். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறைக்கு ஃபார்மேட் செய்தபிறகுதான் ஏறியது.

பள்ளத்தூர், செவ்வாய் இரவு

விரலி. இணையத்தில் ஏற்கெனவே புழங்குகிறது. 2000-இல் சிங்கப்பூர் டிரெக் நிறுவனம் கட்டைவிரல் பெயரில் 'தம்ப்டிரைவ்' என்றுதான் விற்றது. அதே ஆண்டு ஐபிஎம் விற்றதில் கொள்ளளவு 8 எம்பிதான்; 1.44 எம்பி பிளாப்பி வட்டுகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்தவனுக்கு அதுவே சொர்க்கம். 'பேனா இயக்கி' மட்டும் வேண்டாம். பேனாவும் இல்லை, உள்ளே எதுவும் சுழல்வதும் இல்லை.

தேவகோட்டை, புதன் காலை

தம்பி, இலக்கணத்தைக் கொஞ்சம் பாருங்கள். வினையோடு இகரம் சேர்ந்தால் கருவிப்பெயர் கிடைக்கும்: வடிகட்டி, ஒலிபெருக்கி. பெயரோடு சேர்ந்தால் 'அதை உடையது': முக்காலி, நாற்காலி. அப்படியானால் விரலி என்றால் விரலை உடையது. அந்தத் துண்டுக்கு விரல் எங்கே? வகுப்பில் இதைச் சொன்னால் றகரமா ரகரமா என்று தெரியாமல் பிள்ளைகள் சங்கப்பாட்டில் ஆடிப்பாடும் விறலியை யாழோடு கூட்டி வந்து நிறுத்துவார்கள். விரல் என்பதே விரிதலிலிருந்து வந்தது என்பது என் கட்சி. மூடிய கையில் விரல் ஏது? இது மூடிபோட்ட பொருள். எனவே சிமிழ். குங்குமச் சிமிழ்போலக் கோப்புச்சிமிழ். கோப்பும் நல்ல சொல்: கோத்தது கோப்பு. ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்தவர்கள் நாம்.

கோட்டையூர், புதன் மதியம்

நீங்கள் எல்லாரும் அடுப்படிப் பக்கம் வருவதே இல்லையா? மஞ்சளில் விரலி என்றும் கிழங்கு என்றும் கடையில் கேட்டுத்தான் வாங்குகிறோம். விரலி மஞ்சளுக்கு மட்டும் விரல் இருக்கிறதா? விரல்போல இருக்கிறது, விரலி. இதே அளவு, இதே பருமன்.

புதுவயல், புதன் மாலை

ஆச்சி சொன்னது ஏற்கும்படி இருக்கிறது. ஆனாலும் மாணவன் கடையில் போய் 'விரலி கொடுங்கள்' என்றால் மளிகைக் கடைக்கு வழிகாட்டுவார்கள். பென் டிரைவ் என்றே எழுதினால் என்ன குறைந்துவிடும்? பஸ், டீ, பேங்க் எல்லாம் நம் வாயில் இல்லையா? இடையில் ஒரு கேள்வி. பர்மாவிலிருந்து வீட்டுக்கு வந்த ஐந்தொகைக் (வரவு செலவு இருப்புக் கணக்கு) காகிதங்கள் தகரப்பெட்டி நிறைய இருக்கின்றன. படமெடுத்து இதில் போட்டு வைக்கலாமா? எத்தனை வருடம் தாங்கும்?

தேவகோட்டை, புதன் இரவு

தமிழ்த்தாய்க்குக் கோயில் இருக்கிற ஊரிலிருந்து பென் டிரைவ் என்று அச்சடிப்பதா? நல்ல கதை.

பள்ளத்தூர், வியாழன் காலை

புதுவயல் அண்ணே, இதை மட்டும் நம்பாதீர்கள். மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து வைத்துத்தான் இது நினைவு வைக்கிறது. பல வருடம் சும்மா கிடந்தால் அது மெல்லக் கசியும். தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு படி, வேறு வீட்டில் இன்னொரு படி. மூலக்காகிதத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

காரைக்குடி, வியாழன் இரவு

விரலிக்கு நான்கு பேர், சிமிழுக்கு ஒருவர், பென் டிரைவுக்கு இரண்டு பேர். மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். தலைப்பில் விரலி, முதல் வரியில் 'கடையில் பென் டிரைவ் என்று கேட்கவும்'. மீதிப் பத்து இடத்திலும் விரலி. ஆச்சியின் மஞ்சள் படத்தையும் ஓரத்தில் போடுகிறேன்.

தேவகோட்டை, வியாழன் நள்ளிரவு

என் மறுப்பைப் பதிவு செய்யவும். மஞ்சள் படம் போடுவதாக இருந்தால் பக்கத்தில் ஒரு சிமிழையும் போடுங்கள். புதுவயலாருக்கு: ஐந்தொகையில் அந்த ஐந்து எது? உங்கள் காகிதத்தில் தலைப்புகளை எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.