ஆய்வாளர்களுக்குத் திருகோணமலை நகரில் ஒரு பொதுப் பணியறை: தேவையா, வீண் செலவா?

உவர்மலை எழுதியது:

வணக்கம். நான் பல்கலைக்கழக ஆய்வு மாணவி. மீள்குடியேறிய பெண்கள் செய்திகளை யாரிடமிருந்து, எப்படிப் பெறுகிறார்கள் என்பது என் தலைப்பு.

போன மாதம் சம்பூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் காணி அலுவலாக மாவட்டச் செயலகக் கச்சேரிக்கு வந்திருந்தார். திரும்பும் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. “இப்போதே பேசுவோம் பிள்ளை, ஊரில் என்றால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்” என்றார். எங்கே உட்காருவது? தேநீர்க் கடையில் பக்கத்து மேசைக்காரர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து கடற்கரைக்குப் போனோம். மான்கள் படுத்திருந்த மரநிழலில் அமர்ந்து ஒலிப்பதிவு செய்தேன். இரவு போட்டுக் கேட்டால், அவர் மகனைப் பற்றிச் சொன்ன நான்கு நிமிடமும் காற்றின் இரைச்சல்தான். இன்னொரு முறை சொல்லுங்கள் என்று அந்தத் தாயிடம் எப்படிக் கேட்பேன்?

திருகோணமலை வளாகம் நகருக்கு வெளியே, கோணேசபுரியில் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சமூக விஞ்ஞானத் துறை வந்தாறுமூலையில், மட்டக்களப்புப் பக்கம். நம் களமோ மூதூர், கிண்ணியா, சேருவில, குச்சவெளி, கந்தளாய் என்று நாலா திசையிலும். பஸ் மாறும் இடம் நகரம்தான். அதனால் பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பொதுப் பணியறை வேண்டும் என்கிறேன். எட்டுப் பத்து மேசை, கதவை மூடிப் பேசக்கூடிய ஒரு நேர்காணல் அறை, பூட்டுள்ள அலுமாரி, இரவல் கொடுக்க நல்ல ஒலிப்பதிவுக் கருவி இரண்டு. அதைவிட முக்கியம் ஆட்கள். வாரத்தில் இரண்டு நாளாவது புள்ளிவிபரம் தெரிந்த ஒருவர், எழுத்துப்படி எடுப்பவர், சிங்களமும் தமிழும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர், ஆய்வு ஒழுக்கநெறி அனுமதிக்கு விண்ணப்பம் எழுதத் துணை நிற்பவர். சம்பளத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்கட்டும், பழைய அரச கட்டடம் ஒன்றை மாவட்டச் செயலகம் தரட்டும்.

இரசாயனம் படிப்பவருக்கு ஆய்வுகூடமும் அதற்கொரு உத்தியோகத்தரும் வேண்டும் என்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. சமூகத்தைப் படிப்பவருக்கு மட்டும் ஒரு கொப்பியும் பேனாவும் போதுமா?

கொட்டியாரம் எழுதியது:

தங்கச்சி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் நான் இதை எதிர்க்கிறேன்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கள உதவியாளராகப் பத்து வருடத்துக்கு மேல் வினாக்கொத்துகளைச் சுமந்து திரிந்தவன் நான். மூதூர் கிழக்கில் இருக்கும் என் பெரியம்மா சுனாமிக்காகப் பதில் சொன்னார். 2006இல் போரால் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது சொன்னார். 2015க்குப் பிறகு ஊர் திரும்பியதும் மறுபடி முதலிலிருந்து. வீட்டில் எத்தனை பேர், எதை இழந்தீர்கள், இப்போது யார் உழைக்கிறார்கள். கடைசியாக வந்த மாணவி இரண்டாவது கேள்வியை வாசிக்கும் முன்பே பெரியம்மா அடுத்த நான்கு கேள்விகளையும் தானே சொல்லி, பதிலையும் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை பேனாவை மூடி வைத்துவிட்டு அழுதது. நான் பக்கத்தில் இருந்தேன். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட ஆய்வின் முடிவு இதுதான் என்று சொல்ல அந்தப் படலையைத் திறக்கவில்லை.

இந்த நிலையில் ஆய்வாளருக்கு மேசையும் மின்விசிறியும் கொடுத்தால் வினாக்கொத்துகள்தான் பெருகும். காசு இருந்தால் மாணவர்களுக்குப் பஸ் கட்டணமாகக் கொடுங்கள். முடிவுகளை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிப் போகட்டும்.

பூட்டுள்ள அலுமாரி என்கிறீர்கள். சாவி யாரிடம்? ஒரு கொப்பியில் பெயர் இருந்ததற்காக மனிதர்கள் ஒளிந்து வாழ்ந்த மாவட்டம் இது. பல பேர் வந்துபோகும் அறையில், ஒரே கணினியில், அந்த அம்மா மகனைப் பற்றிச் சொன்னதை வைக்கச் சொல்கிறீர்களா? என் கொப்பிகளை என் வீட்டுப் பெட்டியில்தான் வைப்பேன்.

நிலாவெளி வீதி எழுதியது:

அண்ணா, வீட்டுப் பெட்டி பாதுகாப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நான் இறுதியாண்டு மாணவன். என் நேர்காணல்கள் எல்லாம் ஒரு பென்டிரைவில் இருந்தன. அதை அச்செடுக்கக் கொடுத்த கொமியூனிகேஷன் கடையிலேயே மறந்துவிட்டு வந்தேன். மறுநாள் திரும்பக் கிடைத்தது. இடையில் யார் திறந்து பார்த்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எங்களில் பலரின் நிலை இதுதான்.

எனக்கு அறை வேண்டும். இரவு எட்டு மணிவரை திறந்திருக்க வேண்டும்.

கங்கைப்பாலம் எழுதியது:

நான் கிண்ணியா. கணிதமும் புள்ளிவிபரமும் கற்பிக்கிறேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதைப் படகில் ஏறிக் களப்பைக் கடந்து நகரத்துக்கு வந்து படித்தவன் என்பதால், நகரத்தில் ஒதுங்க ஓர் இடம் இல்லாமல் நிற்பது என்ன என்று எனக்குத் தெரியும். அறைக்கு என் ஆதரவு உண்டு. ஆனால் “புள்ளிவிபர உதவி” என்ற சொல்லைக் கேட்டால் பயமாக இருக்கிறது.

வருடா வருடம் ஆய்வேடு ஒப்படைக்கும் காலத்தில் என் வீட்டுக்குப் பிள்ளைகள் வருவார்கள். கையில் நிரப்பிய வினாக்கொத்துக் கட்டு. “சேர், இதைப் போட்டு முடிவு எடுத்துத் தாருங்கள்.” போன முறை வந்த ஒரு கட்டில் பன்னிரண்டாவது கேள்வி இப்படி இருந்தது: “உங்கள் வருமானமும் மனநிறைவும் அதிகரித்துள்ளனவா?” ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. வருமானம் கூடி மனநிறைவு குறைந்தவர் எந்த எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார்? எல்லா வீட்டிலும் கேட்டு முடித்துவிட்டார்கள். எந்த மென்பொருளாலும் அந்தக் கேள்வியை இனிக் காப்பாற்ற முடியாது. கொட்டியாரம் தம்பியின் பெரியம்மா போன்ற ஒருவர் வெயிலில் உட்கார்ந்து அதற்கும் பதில் சொல்லியிருக்கிறார்.

ஆகவே உதவி களத்துக்குப் போகும் முன்பே தொடங்க வேண்டும். வினாக்கொத்தைப் பத்து வீட்டில் சோதித்துப் பார்க்காமல் யாருக்கும் மேசை கொடுக்கக் கூடாது. கணக்குப் போட்டுக் கொடுக்கும் இடமாக அது ஆகிவிட்டால், “ஆய்வு செய்து தரப்படும்” என்று துண்டு ஒட்டும் கடைகளுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? பிள்ளை தன் கையால் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். களவாகப் பிரதி எடுத்த எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் தேவையே இல்லை. ஆர், ஜமோவி என்ற புள்ளிவிபர மென்பொருள்கள் இரண்டும் இலவசம். கோபோ என்ற தரவு திரட்டும் செயலியில் தமிழிலேயே வினாக்கொத்தை ஏற்றினால் சிக்னல் இல்லாத வயல்வெளியிலும் கைபேசியில் பதியலாம்.

இன்னொன்று. இந்த மாவட்டத்தை முழுமையாக எண்ணிய குடிசன மதிப்பு 1981க்குப் பிறகு 2012இல்தான் நடந்தது. இடைப்பட்ட முப்பது வருடம் பற்றி எண்கள் கேட்டு வருபவருக்குப் பிரதேச செயலகத்தில் எந்தப் பதிவேட்டைப் பார்ப்பது, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எப்படி விண்ணப்பிப்பது என்று காட்ட ஒருவர் வேண்டும். இதைச் செய்தாலே வீடு வீடாகக் கேட்கும் கேள்விகளில் பாதி குறையும்.

கொட்டியாரம் எழுதியது:

நானா, பன்னிரண்டாவது கேள்வியை நானே பல ஊரில் வாசித்திருக்கிறேன். வேறு வார்த்தையில். நீங்கள் சொல்லும் உதவிக்கு அறை எதற்கு? வளாகத்தில் ஒரு வகுப்பு போதுமே.

தட்டச்சு மேசை எழுதியது:

இங்கே யாரும் எங்களைப் பற்றிப் பேசாததால் எழுதுகிறேன். நேர்காணல்களைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் தொழில். இருபது வருடமாகிறது.

ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்கு எனக்கு ஆறு மணி நேரம் வேண்டும். குழு உரையாடல் என்றால் அதற்கும் மேல், யார் பேசுகிறார் என்று குரலை வைத்துப் பிரிக்க வேண்டும். இப்போது கணினியே எழுதித் தரும் என்கிறார்கள். முயன்று பார்த்தேன். செய்தி வாசிப்பது போல் பேசினால் எழுதுகிறது. மூதூர் அம்மாமார் பேசும்போது பாதிச் சொல்லை விழுங்கிவிடுகிறது.

ஒரு தாய், “இரவெல்லாம் யோசனைதான் பிள்ளை” என்று சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஆய்வேடு ஆங்கிலத்தில் என்பதால் மாணவர் அதை வேறு நாட்டில் இருந்த ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார். நம் ஊரில் யோசனை என்றால் கவலை. அவருக்கு அது தெரியவில்லை. அந்தத் தாய்க்கு இரவில் புதுப்புதுத் திட்டங்கள் தோன்றுகின்றன என்று எழுதிவிட்டார். கவலையில் தூங்காத ஒருவர், சுயதொழில் தொடங்க ஆர்வமுள்ள பெண்ணாக ஓர் அத்தியாயத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். பைண்டிங் ஆன பிறகுதான் பார்த்தேன். மாணவரும் நானும் மொழிபெயர்ப்பாளரும் ஒரே மேசையில் ஒரு மணி நேரம் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அறை எதற்கு என்று கேட்டீர்களே தம்பி, அதற்குத்தான்.

உங்கள் பெரியம்மாவைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு என் பழைய குறுந்தட்டுகளை எடுத்துப் பார்த்தேன். சுனாமிக்குப் பின் தட்டச்சு செய்தவை, எல்லாம் பாமினியில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன, மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. மாற்றிக் கொடுக்கும் செயலிகள் உண்டு, ஆனால் பிறகு ஒவ்வொரு வரியாக ஆள் பார்த்துத் திருத்த வேண்டும். இப்படி எத்தனை தட்டுகள் இந்த மாவட்டத்து அலுமாரிகளில் கிடக்கின்றனவோ! உங்கள் பெரியம்மா அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அது யாராலும் வாசிக்க முடியாமல் கிடப்பதால்தான் மறுபடி மறுபடி போய்க் கேட்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. அந்தக் குரல்களை இரவில் தனியாக இருந்து கேட்பவள் நான். சில ஒலிப்பதிவுகளை நிறுத்திவிட்டு முற்றத்தில் போய் நின்றிருக்கிறேன். ஆய்வாளருக்கு மேற்பார்வையாளர் இருக்கிறார். எனக்கு, கேட்டதை இறக்கி வைக்க ஒருவரும் இல்லை. உதவிச் சேவை என்று பட்டியல் போடும்போது இதையும் போடுங்கள்.

உவர்மலை எழுதியது:

அக்கா, உங்களைப் போன்ற ஒருவரிடம்தான் நானும் ஒலிப்பதிவுகளைக் கொடுக்கிறேன். இதுவரை ஒருநாளும் அவரிடம் கேட்கவில்லை. நாளை கேட்பேன்.

பழைய அடுக்கு எழுதியது:

ஓய்வுபெற்ற நூலகப் பணியாளன். பழைய நேர்காணல்களைச் சேர்த்து வைப்பது நல்ல எண்ணம். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967 முதல் சமூக ஆய்வுத் தரவுகளுக்கென்றே ஒரு காப்பகம் இயங்குகிறது. முன்பு திரட்டியதை அடுத்தவர் எடுத்து ஆராயலாம். தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் நூலகம் நிறுவனம் 2005 முதல் இணையத்தில் சேர்த்து வைப்பதை எல்லோரும் அறிவோம்.

ஆனால் நேர்காணல் புத்தகம் அல்ல. அந்தத் தாய் ஒரு மாணவருக்குச் சொன்னார், ஊருக்குச் சொல்லவில்லை. அவரிடம் திரும்பக் கேட்காமல் பழைய தட்டுகளை ஒருவரும் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பெயரை மட்டும் அழித்தால் போதாது. “மூன்று பிள்ளைகளின் தாய், தேவாலயத்துக்குப் பின் வீடு, கணவர் படகோட்டி” என்றால் அந்த ஊரில் யார் என்று எல்லோருக்கும் தெரியும். இதை அழிக்கத் தெரிந்த ஊர்க்காரர் ஒருவரை வைக்காமல் காப்பகம் பற்றிப் பேசாதீர்கள்.

நிலாவெளி வீதி எழுதியது:

ஐயா, அப்படியென்றால் இறந்துபோனவர்கள் சொன்னதை என்ன செய்வது?

பழைய அடுக்கு எழுதியது:

பிள்ளைகளிடம் கேட்க வேண்டும் தம்பி. அவர்களும் இல்லையென்றால் மூடியே இருக்கட்டும்.

தட்டச்சு மேசை எழுதியது:

நான் இதை ஏற்க மாட்டேன் ஐயா. ஒரு கிழவர் என் ஒலிப்பதிவில், “எழுதிவை பிள்ளை, பிறகு வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்” என்று சொல்கிறார். அவருக்கு உறவு யாரும் மிஞ்சவில்லை. அவர் சொன்னதை மூடி வைக்க எனக்கு என்ன உரிமை?

பழைய அடுக்கு எழுதியது:

அவர் சொன்னது ஒப்புதல்தான் மகள். அதைத் திறக்கலாம். மற்றவற்றில் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

கொட்டியாரம் எழுதியது:

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். பாமினித் தட்டுகளைப் பற்றி எனக்குத் தெரியாது. என் பெட்டியில் உள்ள கொப்பிகளையும் நேற்று எடுத்துப் பார்த்தேன். இரண்டைச் செல் அரித்திருக்கிறது. அட்டையில் இருந்த ஊர்ப் பெயர் மட்டும் மிச்சம்.

மேசைகளுக்கு நான் இன்னும் எதிர்ப்புத்தான். கதவு மூடும் நேர்காணல் அறை, தட்டச்சு செய்பவருக்கு ஒழுங்கான கூலி, பழைய தட்டுகளைத் திருத்தி எடுக்கும் வேலை, இந்த மூன்றுக்கும் காசு கேட்டால் நானும் கையெழுத்து வைக்கிறேன். வினாக்கொத்தோடு வருபவரிடம், “இந்த ஊரில் இதை முன்பே கேட்டிருக்கிறார்கள், முதலில் அந்தப் பழைய பதிவைக் கேள்” என்று சொல்ல அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். மேசை கொடுக்கும் முன் அதைச் செய்யுங்கள். அலுமாரிச் சாவி பல்கலைக்கழகத்திடம் மட்டும் இருப்பதற்கு ஒப்பமாட்டேன். ஊர்ப் பெண்கள் சங்கத்தில் ஒருவரிடமும் ஒரு சாவி இருக்க வேண்டும், இரண்டும் போட்டால்தான் திறக்க வேண்டும்.

உவர்மலை எழுதியது:

இரண்டு சாவிக்கு நான் சம்மதம் அண்ணா. மேசைகளை விட்டுக்கொடுக்க மாட்டேன், அது பற்றி நேரில் சண்டை பிடிப்போம். சனிக்கிழமை பத்து மணிக்குப் பொது நூலகத்தின் முன்னால் சந்திக்கலாமா? ஒப்புதல் படிவத்தின் தமிழ் வரைவைக் கொண்டு வருகிறேன். கங்கைப்பாலம் சேர், சேருவில, கோமரங்கடவல பக்கம் வேலை செய்யும் சிங்கள மாணவர்கள் யாரையும் தெரிந்தால் அழைத்து வாருங்கள். அவர்கள் இல்லாமல் இந்த அறை பாதி அறைதான்.

கங்கைப்பாலம் எழுதியது:

இருவர் இருக்கிறார்கள். கேட்கிறேன்.

கொட்டியாரம் எழுதியது:

பத்து மணியைப் பதினொன்று ஆக்குங்கள். படிவத்தைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன் என்றதும், தானும் வருவதாகச் சொல்கிறார். காலையில் முதல் பஸ்ஸில் அவரால் ஏற முடியாது.