இசைக்குழுவின் கதையை டிரம்ஸ் வாசித்தவர் எழுதலாமா?

செல்லூர் டிரம்ஸ் (கேள்வி)

ஆங்கிலேய ராக் இசைக்குழுவான பிங்க் ஃப்ளாய்டின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நினைவு நூலை அண்மையில் படித்து முடித்தேன். கட்டடக்கலை படிக்கப் போன இடத்தில் அறிமுகமான மேசன், ரோஜர் வாட்டர்ஸ், ரிச்சர்ட் ரைட் ஆகிய மூவரும் ஓவிய மாணவரான சிட் பாரெட்டும் சேர்ந்து 1965இல் லண்டனில் உருவாக்கிய குழு அது. அந்தக் குழுவின் எல்லா ஸ்டுடியோ இசைத்தொகுப்புகளிலும் இடம்பெற்ற ஒரே உறுப்பினர் மேசன்தான். மற்றவர்கள் வந்தார்கள், விலகினார்கள், விலக்கப்பட்டார்கள், வழக்காடினார்கள். அவர் பின்வரிசையில் உட்கார்ந்து அனைத்தையும் பார்த்திருக்கிறார்.

நானும் மதுரை வட்டாரத்துத் திருவிழா மேடைகளில் பல ஆண்டுகள் வாசித்த ஒரு மெல்லிசைக் குழுவின் கதையை எழுத விரும்புகிறேன். ஒரு காலத்தில் சித்திரையிலிருந்து ஆடி வரை எங்களுக்கு ஓய்வான இரவு அரிதாகவே இருந்தது. ஆனால் நான் பாடியவனும் அல்லன், குழுவை நடத்தியவனும் அல்லன். எங்கள் குழுவைத் தொடங்கிய பாடகருக்கு நினைவு தடுமாறி மேடையிலேயே பாடல் வரிகள் மறக்கத் தொடங்கியபோது, ஒருநாள் அவரை ஏற்றாமலேயே வேன் புறப்பட்டது. அவர் இப்போது இல்லை. அவருடைய குடும்பத்தார் இதே ஊரில் இருக்கிறார்கள். இதை எழுதும் உரிமை எனக்கு உண்டா? எழுதலாம் என்றால், எந்த அளவுக்கு எழுதலாம்?

மேலூர் வாசகர்

ஐயா, நீங்கள் கேட்கும் கேள்வியை மேசனும் எதிர்கொண்டிருக்கிறார். 1968 ஜனவரியில் சவுத்தாம்ப்டன் நிகழ்ச்சிக்குக் காரில் போகும் வழியில், பாரெட்டை அழைத்துக்கொள்ள வேண்டுமா என்று ஒருவர் கேட்க, வேண்டாம் என்று இன்னொருவர் சொல்ல, கார் அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமலேயே போய்விட்டது. குழுவுக்குப் பெயர் சூட்டியவரும் தொடக்ககாலப் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவரும் அவரே என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தச் சில நொடி உரையாடலின் கனம் புரியும். அதைவிட என்னை உலுக்கியது 1975 ஜூன் 5 அன்று நடந்தது. பாரெட்டை நினைத்து எழுதப்பட்ட பாடல் உள்ள தொகுப்புக்காக அவர்கள் அபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் உழைத்துக்கொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த பருத்த மனிதர் ஒருவர் உள்ளே வந்து நின்றார். அது பாரெட்தான் என்பதை அங்கிருந்த பழைய நண்பர்களால் உடனே அறிய முடியவில்லை.

இவற்றைப் பாரெட்டின் உள்ளத்துக்குள் புகுந்து எழுத முடியாது. பக்கத்தில் இருந்தவர் கண்டதைக் கண்டபடி எழுத முடியும். அதுவே நல்ல எல்லை என்று கருதுகிறேன். வேன் எந்தத் தெருவிலிருந்து புறப்பட்டது, யார் என்ன சொன்னார், அன்று அவருடைய பாடல்களை யார் பாடினார் என்பனவற்றை எழுதுங்கள். அவருக்கு வந்தது இன்ன நோய் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அச்சுக்குப் போகும் முன்பு அந்தப் பக்கங்களை அவருடைய வீட்டாரிடம் நீங்களே நேரில் படித்துக் காட்டுங்கள். அவர்கள் வருந்தலாம், ஆனால் வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டால் அந்த வருத்தம் பகையாகிவிடும்.

சோழவந்தான் தவில் மாணவர்

அண்ணன் தாளத்தைப் பற்றியும் விரிவாக எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். இசைக்கலைஞர்களின் நினைவு நூல்கள் பலவற்றில் சண்டை இருக்கிறது, பயணம் இருக்கிறது. வாசிப்பு மட்டும் காணாமல் போய்விடுகிறது. 1973இல் வெளிவந்த 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பில் 'மனி' என்ற பாடல் ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. நம் கணக்கில் அது மிஸ்ரம். கிட்டார் தனியாக ஒலிக்கும் இடத்தில் மட்டும் நாலுக்கு மாறி, பிறகு ஏழுக்கே திரும்புகிறது. அதே தொகுப்பின் 'டைம்' பாடலின் தொடக்கத்தில் மேசன் ரோட்டோடாம் எனப்படும், சுழற்றிச் சுருதி மாற்றும் சிறு டிரம்களை இடம்விட்டு, அவசரமின்றி வாசித்திருப்பதைக் கேளுங்கள். விரைவாக வாசிப்பவர்கள் உலகில் ஏராளம். அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்து அடிப்பவர்கள் குறைவு.

1979இல் வந்த 'தி வால்' தொகுப்பில் 'மதர்' பாடலின் தாளம் அவருக்குப் பிடிபடாததால், ஜெஃப் போர்க்காரோ என்பவர் வந்து வாசித்தார். 1987 தொகுப்பிலும் பயிற்சி விட்டுப்போனதால் சில பாடல்களுக்கு வேறு கலைஞர்கள் அழைக்கப்பட்டார்கள். இவ்வளவு புகழ்பெற்ற ஒருவரே இவற்றை மறைக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதால்தான், அவர் மற்றவர்களைப் பற்றிச் சொல்வதையும் நான் நம்புகிறேன். உங்கள் நூலிலும் எந்தப் பாடல் கைக்கு வரவில்லை, தபேலா, டோலக், டிரம்ஸ் என மூவர் உட்கார்ந்த இடத்துக்கு எல்லா ஒலிகளையும் தரும் ஒற்றை மின்னணுப் பேட் வந்தபோது யார் வீட்டுக்கு அனுப்பப்பட்டார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். அந்தக் கலைஞர்களைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை.

பழைய கீபோர்டு, திருமங்கலம்

பணத்தை விட்டுவிடாதீர்கள். குழுக்கள் உடைவதற்கு இசையைக் காரணமாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் பேட்டாவும் அட்வான்ஸும்தான் பாதிக் காரணம். 'டார்க் சைட்' தொகுப்பைத் தொடங்கிவைக்கும் ஒலித்தொகுப்பு மேசன் ஒருவர் பெயரில் பதிவாகியுள்ளது. அது தான் கொடுத்த பரிசு என்று வாட்டர்ஸ் பின்னாளில் கூறினார். படைத்தவர் என்று யார் பெயர் அச்சாகிறதோ அவருக்கே தொடர்ந்து வருமானம் என்பதால், இது வெறும் கௌரவப் பிரச்சினை அன்று. ரிச்சர்ட் ரைட்டின் கதை இன்னும் கூர்மையானது. குழுவிலிருந்து விலக்கப்பட்ட பிறகும் 'தி வால்' மேடை நிகழ்ச்சிகளில் அவர் சம்பளத்துக்கு வாசித்தார். அரங்க அமைப்புக்குச் செலவு கைமீறிப்போனதால் உரிமையாளர்களான வாட்டர்ஸ், மேசன், பின்னாளில் சேர்ந்த கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் ஆகிய மூவருக்கும் நட்டம் ஏற்பட, அவர் ஒருவருக்கே பணம் மிஞ்சியது. வாட்டர்ஸ் விலகி, பெயர் யாருக்கு என்ற வழக்கு மூண்டிருந்தபோது, 1987 பயணத்துக்கு முதலீடு திரட்ட மேசன் தன் ஃபெராரி காரை ஈடு வைத்தார்.

நம் குழுக்களில் கணக்கு நோட்டு ஒருவரிடம்தான் இருக்கும்; மற்றவர்களுக்கு விடியற்காலையில் வேனில் கவர் கிடைக்கும். பாடகருக்கு எவ்வளவு, டிரம்ஸுக்கு எவ்வளவு, சவுண்டு சர்வீஸ்காரருக்கு எவ்வளவு என்று ஆண்டுவாரியாக உங்கள் நினைவில் இருந்தால் அப்படியே எழுதிவையுங்கள். மதுரையின் மேடை இசையைப் பற்றி நாளை ஆராய்பவர் முதலில் தேடப்போவது அதைத்தான்.

செல்லூர் டிரம்ஸ்

மூவருக்கும் நன்றி. பாடகரின் மூத்த மகளை எனக்குத் தெரியும். எழுதி முடித்துவிட்டு அவரிடம் போவதைவிட, எழுதத் தொடங்கும் முன்பே போய்ப் பேசுவது முறை என்று இப்போது தோன்றுகிறது. தந்தையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்ததைவிட மிகுதியாகவும் இருக்கலாம். பேட் வந்த காலத்தைத் தவில் தம்பி கேட்டபடி தனி அத்தியாயமாகவே எழுதுகிறேன். அந்நாளில் எங்களோடு வாசித்த டோலக் கலைஞர் இப்போது அலங்காநல்லூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. அந்தப் பகுதியில் இருப்பவர்கள் எவருக்கேனும் அவரைத் தெரிந்தால், அவருடைய இசைவைப் பெற்றுக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.