ஹூஸ்டன் குளிருக்குப் படகை விண்டரைஸ் செய்ய வேண்டுமா? என் எஞ்சின் விரிசல் விட்ட அனுபவம்

லேக் கான்ரோவிலிருந்து:

புதிதாகப் படகு வாங்கிய நண்பர் ஒருவர், "நம்ம ஊர்க் குளிருக்கு விண்டரைஸ் எல்லாம் தேவையா?" என்று கேட்டிருந்தார். விண்டரைஸ் என்றால், குளிரில் தண்ணீர் உறைந்து எஞ்சின் உடையாதபடி முன்கூட்டியே தயார் செய்வது. நானும் ஏழு வருடம் தேவையில்லை என்றுதான் இருந்தேன். ஹூஸ்டனில் ஜனவரி இரவுகள் சராசரியாக 6, 7 டிகிரி செல்சியஸ். டிசம்பரில் டீ ஷர்ட்டோடு ஏரியில் சுற்றியிருக்கிறோம். அதெல்லாம் மினசோட்டாக்காரர்கள் பாடு என்று நினைத்திருந்தேன்.

என்னுடையது 20 அடிப் படகு, உள்ளே 4.3 லிட்டர் வி6 எஞ்சின். ஏரித் தண்ணீரை உறிஞ்சியே தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வகை. எஞ்சினை அணைத்தாலும் அந்தத் தண்ணீர் பிளாக்கிலும் (எஞ்சினின் இரும்பு உடல்) மேனிஃபோல்டிலும் (புகை வெளியேறும் குழாய்) தங்கிவிடும். குளிர் வரும் என்று செய்தியில் சொன்னால் எஞ்சின் அறைக்குள் ஒரு சின்ன ஹீட்டரைப் போட்டுவிடுவேன். என் ஏற்பாடு அவ்வளவுதான்.

2021 பிப்ரவரி 14 இரவும் அப்படியே ஹீட்டரைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். விடிவதற்குள் கரண்ட் போனது. டெக்சஸ் முழுக்க 45 லட்சம் வீடுகள் இருட்டில் கிடந்தன. 16ஆம் தேதி ஹூஸ்டன் விமான நிலையத்தில் 13 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 10 செல்சியஸுக்கும் கீழே. குழந்தைகளைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். படகு ஞாபகமே வரவில்லை. வந்திருந்தாலும் ஐஸ் பிடித்த ரோட்டில் போயிருக்க முடியாது. கடுங்குளிர் வரும் அதே இரவில்தான் கரண்டும் போகும் என்பதை நான் யோசித்ததே இல்லை.

இன்னொரு தப்பு, படகைத் தண்ணீருக்கு மேலே லிஃப்டில் தூக்கி வைத்திருந்தேன். ஏரி உறையவில்லை. தண்ணீரில் கிடந்த படகுகளுக்கு அடியிலிருந்து கொஞ்சம் சூடாவது கிடைத்தது. என் படகுக்கு மேலும் கீழும் குளிர்காற்றுதான்.

மார்ச்சில் போய் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, உருவினேன். ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தேன், அதே நிறம். ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் பிளாக்கின் இடது பக்கம் தலைமுடி கனத்தில், ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும்; வார்ப்பிரும்பு அதற்கு வளைந்து கொடுக்காது. 'ஃப்ரீஸ் பிளக் (பிளாக்கின் ஓட்டைகளை அடைத்திருக்கும் உலோக மூடி) கழன்று காப்பாற்றிவிடும்' என்று சொல்வார்களே, என் எஞ்சினில் அவை அத்தனையும் இருந்த இடத்திலேயே இருந்தன. உறைந்து உடைந்ததற்கு என் இன்ஷூரன்ஸில் பணமும் கிடையாது. எஞ்சினையே மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போது நான் செய்வது இதுதான். நவம்பர் கடைசி முதல் மார்ச் வரை, ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் தண்ணீரை வடித்துவிடுகிறேன். பிளாக்கின் இரு பக்கமும் தண்ணீர் வடிக்கும் ஒவ்வொரு பிளக், மேனிஃபோல்டு இரண்டிலும் ஒவ்வொன்று, அப்புறம் பம்பு ஹோஸ். அரை மணி நேர வேலை. முதல் தடவை வலது பக்கப் பிளக்கைக் கழற்றியபோது ஒரு சொட்டும் வரவில்லை. காலி என்று நினைத்து மூடப் போனேன். சந்தேகம் வந்து, துணி மாட்டும் ஹேங்கர் கம்பியை நிமிர்த்தி ஓட்டைக்குள் விட்டுக் குத்தினேன். துருவும் மண்ணும் உதிர்ந்தன, பின்னாலேயே செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. ஒரு லிட்டருக்கு மேல் இருக்கும். அத்தனையும் உள்ளேயே நின்றிருக்கும்!

2022 கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்த குளிரிலும், 2025 ஜனவரியில் ஹூஸ்டனில் பனியே கொட்டியபோதும் இந்த எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கால்வெஸ்டன் பக்கத்திலிருந்து:

அண்ணா, அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்னால் வெளியே மாட்டுவது) வைத்திருப்பவர்களுக்காக ஒன்று. மோட்டாரை நேராக இறக்கி வைத்தால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். நான் அழகாக இருக்கட்டும் என்று மேலே தூக்கியே வைத்திருந்தேன். மழைத்தண்ணீர் ப்ரொப்பெல்லர் வழியாக உள்ளே தேங்கும் என்று மெக்கானிக் சொன்ன பிறகுதான் இறக்கினேன். கியர் ஆயிலையும் குளிருக்கு முன்பே பாருங்கள். எனக்கு அது வெளுத்து வந்தது, சீல் போயிருந்தது. உள்ளே புகுந்த தண்ணீர் உறைந்திருந்தால் கியர் கேஸே பிளந்திருக்கும்.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி சார். தண்ணீரை வடிக்காமல், உறையாமல் தடுக்கும் ஆன்டிஃப்ரீஸ் மட்டும் ஊற்றினால் போதாதா?

லேக் கான்ரோவிலிருந்து:

போதாது தம்பி. உள்ளே நிற்கிற தண்ணீரோடு கலந்து அதன் வீரியம் குறைந்துவிடும். முதலில் வடியுங்கள், பிறகு வேண்டுமானால் ஊற்றுங்கள். அதுவும் படகுக்கென்று விற்கிற பிங்க் நிற புரொப்பிலீன் கிளைக்கால்தான், தண்ணீர் சேர்க்காமல். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், ஏரியில் கலக்கக் கூடாது. உங்கள் எஞ்சின் மாடலை எழுதுங்கள். சனிக்கிழமை காலை நான் ஏரியில்தான் இருப்பேன், வந்தால் பிளக்குகள் எங்கே என்று கையோடு காட்டிவிடுகிறேன். ஹேங்கர் கம்பி ஒன்று எடுத்து வாருங்கள்.