உதவி: படிக்கட்டுப் பூனை வீட்டுக்குள் வந்துவிட்டது, வாசலோரம் நாறுகிறது (செம்பூர், மும்பை)

செம்பூர்க்காரி:
எங்கள் பில்டிங் படிக்கட்டில் திரிந்த கடுவன் பூனை, மழை தொடங்கியதும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒரு வயது இருக்கலாம். சாப்பாட்டில் குறையில்லை, பையன் மடியில் ஏறித் தூங்குகிறது. ஆனால் விடிகாலை நாலு மணிக்குக் கதவடியில் நின்று மாடி முழுக்க எழுந்துகொள்ளும்படி கத்தல். ட்ரேயில் கடையில் வாங்கிய லிட்டரை (பூனை ஒன்றுக்கு, ரெண்டுக்குப் போகும் மண்) கொட்டினால் மோந்து பார்த்துவிட்டு நேராகப் போய்ச் செருப்பு ஸ்டாண்டில் சிறுநீர் அடிக்கிறது, மாமியார் ஃபினாயில் ஊற்றித் துடைக்கிறார், மறுநாளும் அதே இடம். என்ன செய்யலாம்?

மாடுங்கா மாமி:
முதலில் அந்த ஃபினாயிலை நிறுத்தும்மா. அதிலிருக்கும் பீனால் வகைகளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் விஷம்தான். அமோனியா கலந்த எதுவும் வேண்டாம், அந்த வாடை அதற்குச் சிறுநீர் மாதிரியே இருக்கும். செல்லப்பிராணிக் கடையில் என்சைம் கிளீனர் என்று கேளுங்கள், சிறுநீர் வாடையை உடைத்துப் போக்கும் திரவம் அது.

சயான் ரவி:
உட்கார்ந்து போகிறதா, நின்றபடி வாலைத் தூக்கி நடுக்கிக்கொண்டு பீய்ச்சுகிறதா? காது நுனி வெட்டியிருக்கிறதா?

செம்பூர்க்காரி:
நின்றபடிதான். காது முழுசாக இருக்கிறது.

சயான் ரவி:
கருத்தடை செய்த தெருப்பூனைக்கு அடையாளமாகக் காது நுனியை வெட்டிவிடுவார்கள், அப்போ இதற்குக் கருத்தடை ஆகியிருக்காது அக்கா. இது எல்லை குறிப்பது, ட்ரே பழகாததால் மட்டும் வருவதில்லை. கதவுக்கு வெளியே வேறு பூனை நடமாடும், அதனால்தான் சரியாக வாசலோரம். அறுவைச் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும், ஆனால் ஹார்மோன் இறங்கச் சில வாரம் ஆகும், மறுநாளே எதிர்பார்க்காதீர்கள். பரேலில் பாய் சக்கர்பாய் பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. அங்கேயோ பக்கத்து டாக்டரிடமோ காட்டி ரேபிஸ் ஊசி, குடற்புழு மருந்து எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ட்ரேக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் காத்திருக்காமல் ஓடுங்கள், கடுவனுக்கு அடைப்பு வந்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.

தாராவி தம்பி:
எதுக்கு இவ்வளவு பாடு? கதவைத் திறந்து விடுங்க, தெருவில் பிறந்தது தெருவில் சுற்றட்டும்.

மாடுங்கா மாமி:
மழைத் தண்ணியில், ஆட்டோ டயருக்கு அடியில் சுற்றட்டுமா தம்பி? கருத்தடை ஆகாத கடுவன் சண்டை போட்டுக் கடி வாங்கும், சீழ் வைக்கும், பூனைகளுக்கு எய்ட்ஸ் மாதிரி நோய் தரும் எஃப்.ஐ.வி. கிருமியும் அந்தக் கடியில்தான் பெரும்பாலும் பரவும். செம்பூர்க்காரி, ட்ரேயில் பில்டிங் வேலைக்குக் கொட்டும் காய்ந்த மணலைப் பாதி கலந்து வையுங்கள், காலுக்குப் பழகினது அதுதான். பிறகு மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ட்ரேயை வாஷிங் மெஷின் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம். ராத்திரி படுக்கும் முன் கயிறு ஆட்டி நன்றாக ஓடவிட்டு அதற்குப் பிறகு சோறு. நாலு மணிக்கு எழுந்து ஒரு தடவை தட்டு வைத்தீர்களோ, தினமும் அலாரம்தான்.

செம்பூர்க்காரி:
மாமியார் ஃபினாயில் பாட்டிலைப் பரணில் ஏற்றிவிட்டார், முணுமுணுத்துக்கொண்டேதான். இந்த வாரமே டாக்டரிடம் போகிறோம். ஜன்னல் கிரில் இடைவெளியில் தலை நுழைகிறது, புறா வலை போதுமா?

சயான் ரவி:
நைலான் வலையைக் கடித்துவிடும். கிரிலுக்கு உட்பக்கம் கம்பி வலை அடிக்கச் சொல்லுங்கள். நாங்கள் நாலாவது மாடி, அப்படித்தான் வைத்திருக்கிறோம்.