பேச்சிப்பாறைப் பக்கம் கேரவன் நிறுத்த இடம் வேண்டும்

குலசேகரம், திற்பரப்பு வட்டார நண்பர்களுக்கு வணக்கம். பொங்கல் விடுமுறையில் உள்ளேயே தங்கிக்கொள்ளும் கேரவன் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து வருகிறோம். அணை நீரும் மலையும் கண்ணில் படும்படி இரண்டு இரவு தங்க வேண்டும்.

பேச்சிப்பாறை அணையா, பெருஞ்சாணி அணையா, சிற்றாறு அணையா என்று வீட்டில் பெரிய வழக்கே நடக்கிறது. என் ஓட்டு பேச்சிப்பாறைக்கு. ஆனால் அங்கே சுற்றிலும் காடு, யானை நடமாட்டம் உண்டு. வனத்துறை நிலத்தில் அனுமதியின்றி இரவு தங்கவும் கூடாது. ஆகவே தண்ணீர் ஓரம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை. சாலையை ஒட்டிய ரப்பர் தோட்டமோ, தங்கும் விடுதியின் முற்றமோ போதும்.

வண்டி 22 அடி நீளம், 10 அடி உயரம். வளைவில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்க முடியுமா? தாழ்ந்த கிளையும் மின்கம்பியும் எந்த வழியில் தொல்லை? தரை சமமாக, இறுகியதாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஈரம் காயாத மண்ணில் டயர் புதைந்தால் விடுமுறை அத்தோடு சரி.

மின் இணைப்பும் குடிநீரும் அவசியம். கழிவுத் தொட்டியைக் காலி செய்ய முறையான வசதியும் வேண்டும். கோதையாற்றில் திறந்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். கீழே திற்பரப்பில் ஊரே குளிக்கிற ஆறு அது! அப்படிப்பட்ட யோசனைகளைத் தயவுசெய்து தவிர்க்கவும்.

திற்பரப்பு அருவிக்கு அருகில் என்றால் அம்மாவுக்கு மகிழ்ச்சி, எனக்குக் கூட்டம் ஆகாது. நடுவாந்தரமாக ஓர் இடம் தெரிந்தால், இரவு வாடகையோடு எழுதுங்கள்.