புதுப்பிப்பு: வேகம் குறைந்ததற்குக் காரணம் போர்ட் அல்ல

அப்பாவின் பழைய புகைப்படங்களை வெளி ஹார்டு டிஸ்க்கிலிருந்து என் லினக்ஸ் மடிக்கணினிக்கு நகலெடுக்கும்போது வேகம் நொடிக்கு 35 மெகாபைட்டைத் தாண்டவில்லை, யூஎஸ்பி போர்ட் கெட்டுவிட்டதா என்று போன வாரம் இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். போர்ட் நன்றாகவே இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் திரையில்) எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையைக் கொடுத்தேன். வெறுமனே கொடுத்தால் சாதனங்களின் பட்டியல்தான் வருகிறது. பின்னால் ‘-டி’ (-t) சேர்த்ததும் எது எதில் செருகியிருக்கிறது என்று மரம்போல விரிந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் வேகம். என் டிஸ்க்குக்கு நேராக 480எம், அதாவது நொடிக்கு 480 மெகாபிட் (மெகாபைட் அல்ல). அது பழைய யூஎஸ்பி 2.0 வேகம்; டிஸ்க்கும் போர்ட்டும் யூஎஸ்பி 3 என்பதால் 5000எம் வந்திருக்க வேண்டும்.

இங்கேதான் வெகுநேரம் குழம்பினேன். யூஎஸ்பி 3 போர்ட்டுக்குள் பழைய 2.0 தடமும் புதிய, வேகமான தடமும் தனித்தனிக் கம்பிகளில் ஓடுகின்றன. அதனால் அந்த மரத்தில் ஒரே துளை 480எம், 5000எம் என இரண்டு கிளைகளில் இடம்பெறுகிறது. 5000எம் கிளை காலியாக இருப்பதைக் கண்டு போர்ட் போய்விட்டது என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள், நான் அப்படித்தான் பயந்தேன்.

குற்றவாளி கேபிள். டிஸ்க்கின் அகலமான வாயில் பழைய செல்போனின் மைக்ரோ யூஎஸ்பி கேபிளும் பொருந்திவிடுகிறது; அதில் புதிய தடத்துக்கான கம்பிகளே கிடையாது. சனிக்கிழமை சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், டிஸ்க்கைக் காட்டி, அதன் வாய்க்கேற்ற அகலமான, இரண்டு பகுதிகளாகத் தெரியும் தலையுள்ள யூஎஸ்பி 3 கேபிள் வாங்கி வந்தேன். இப்போது 5000எம் காட்டுகிறது, நொடிக்கு 110 மெகாபைட் வருகிறது. படங்கள் எல்லாம் பத்திரமாக வந்துவிட்டன. வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.